மச்சானைவிடப் பெரிய எண்

லப்டொப் வாங்க வருகிறவரின் வாயிலிருந்து முதலில் ஓர் எண் வரும். அது அவருடைய எண் அல்ல. அவருடைய மச்சான் வைத்திருக்கும் எண்ணுக்கு மேலே ஒன்று. கவுண்டருக்குப் பின்னால் நின்ற காலம் முழுவதும் இதைத்தான் நான் பார்த்தேன். சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், இன்னும் ஆறு மாதம் போகட்டும்.

கடைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்குப் புரொசெசர் பற்றி நான் சொல்லித் தர ஒன்றுமில்லை. கோர், தலைமுறை, காஷ் என்று நீங்கள் பேசுவதில் பாதி எனக்கு விளங்குவதும் இல்லை. எங்கள் நாளில் ஒரே கணக்குத்தான் இருந்தது, மெகாஹேர்ட்ஸ், புரொசெசரின் வேகம். கூடினால் திறம், குறைந்தால் மட்டம் என்று சனம் முடிவு கட்டியிருந்தது. நான் சொல்ல வந்தது வேறு. ஒரு சனிக்கிழமை மத்தியானம், மல்வேர்னில் ஒரு வீட்டு ஹோலில், மூன்று பேர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தபோது, என் கையில் இரண்டு உண்மைகள் இருந்தன. எதை முதலில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அந்தக் கதைதான் இது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஸ்காபரோவில் ஒரு சின்னப் பிளாசாவில் எங்கள் கடை. ஒரு பக்கம் தமிழ்ப் பலசரக்குக் கடை, மறுபக்கம் முடி வெட்டுமிடம். முதலாளி ஹொங்கொங்காரர். தமிழ்ச் சனம் கடைக்கு வரத் தொடங்கியதும், அவர்களோடு பேரம் பேசி முடியாமல்தான் என்னை வேலைக்கு எடுத்தார். அருமையான மனிதர். ஒரேயொரு வருத்தம், விற்ற பெட்டி திறந்தபடி திரும்பி வந்தால் அவருக்குக் காய்ச்சல் வந்துவிடும்.

அந்தக் கடைக்கு ஒருநாள் நடராசா அண்ணையும் அவருடைய மனைவி யோகம் அக்காவும் வந்தார்கள். அண்ணைக்குக் கார்ச் சீற்றுகளுக்கு உறை தைக்கும் பக்ரறியில் வேலை. அக்கா குளிரூட்டிய சாப்பாடு பொதி செய்யும் பக்ரறியில் நின்றார். அவருடைய விரல்களை நான் முதலில் கவனித்தேன். கோடை தொடங்கியும் வீங்கிச் சிவந்தபடிதான் இருந்தன. பின்னேரங்களில் கல்லூரியில் கணக்கியல் படித்துக்கொண்டிருந்தார். அதுதான் கடைசித் தவணை. பாஸ் பண்ணினால் ஒரு சின்ன அலுவலகத்தில் எடுக்கிறோம் என்று சொல்லியிருந்தார்கள். கதிரையில் இருந்து, சூடான அறையில் செய்கிற வேலை. கல்லூரிக் கொம்பியூட்டர்களில் பழகலாமென்றால் இவர் வேலை முடிந்து போய்ச் சேரும் நேரத்தில் அந்த அறையைப் பூட்டிவிடுவார்கள்.

இதெல்லாம் அக்கா பிறகு சொன்னது. அண்ணை கடைக்குள் வந்ததும் சொன்னது ஒன்றுதான்.

"தங்கச்சி, நூற்றி முப்பத்திமூண்டு இருக்கோ?"

"இருக்கு அண்ணை. ஆருக்கு?"

"இவவுக்கு."

நான் அக்காவைப் பார்த்தேன். "என்ன செய்யப்போறியள் அக்கா உதிலை?"

"எல்லாம் செய்வா," என்றார் அண்ணை.

"கணக்குத்தான் தங்கச்சி. பிறகு இங்கிலீசிலை கடிதம் அடிக்கிறது. வேறை என்ன எனக்கு," என்றார் அக்கா.

"எங்கை வைச்சுச் செய்வியள்?"

"குசினி மேசையிலை. சில நேரம் பஸ்ஸிலை."

"அப்ப எழுபத்தைஞ்சே காணும் அக்கா. சூடும் குறைவு, பற்றறியும் கனநேரம் நிக்கும். கணக்குக்கும் கடிதத்துக்கும் உதுக்கு மேலை தேவையில்லை."

அண்ணை என்னைப் பார்த்த பார்வையை மறக்கமாட்டேன். ஏதோ அவருடைய மனைவிக்குப் பழஞ்சீலை ஒன்றை விரித்துக் காட்டியதுபோல முகம் கறுத்துவிட்டது.

"விட்பியிலை இவவின்ரை தம்பி குகன் நூற்றியிருபது வைச்சிருக்கிறான். என்ரை மனிசிக்கு எழுபத்தைஞ்சோ?"

முதலாளிக்குத் தமிழ் தெரியாது. ஆனால் தலையைப் பார்த்தே எண்ணைக் கண்டுபிடித்துவிடுவார். அதற்குள் நூற்று முப்பத்துமூன்றின் பெட்டி கவுண்டருக்கு வந்துவிட்டது. நான் என்ன செய்ய. ஆசையோடு வருகிறவரை எத்தனை தரம் மறிப்பது. கொடுத்து அனுப்பினோம்.

இரண்டு கிழமையில் அண்ணை லப்டொப்போடு திரும்பி வந்தார்.

"அரை மணித்தியாலம் ஓடும். பிறகு பொசுக்கெண்டு நிண்டுபோகும். இவ அடிச்சதெல்லாம் போயிடும்."

வாங்கி, கவுண்டரில் வைத்து, காலையிலிருந்து கடை பூட்டும் வரை ஓடவிட்டோம். நிற்கவில்லை. முதலாளி அதில் கார் ஓட்டும் விளையாட்டுக்கூட விளையாடினார். அப்போதும் நிற்கவில்லை. திருப்பிக் கொடுத்தோம். அடுத்த கிழமை மறுபடி வந்தார். மறுபடி ஓடவிட்டோம். மறுபடி நிற்கவில்லை. இரண்டு தரமும் அது வந்த கோலத்தைச் சொல்ல வேண்டும். துவாயில் சுற்றி, அதற்கு மேலே பிளாஸ்ரிக் பையில் போட்டு, ஒரு பொட்டுத் தூசி இல்லாமல் பளபளவென்று வந்தது.

"நல்ல சுத்தமா வைச்சிருக்கிறியள் அண்ணை."

"வீட்டிலை தூசி படவே விடுறேல்லை, தங்கச்சி," என்றார் பெருமையாக. நானும் தலையாட்டினேன். அதற்குமேல் ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை.

இரண்டாம் தரம் திரும்பிப் போகும்போது அவருடைய குரல் மாறியிருந்தது. "இனியும் நிண்டுதெண்டால் ஞாயிற்றுக்கிழமை றிச்மண்ட் ஹில் கோயில் திருவிழாவிலை நாலு சனத்துக்குச் சொல்லத்தான் போறன், ஓம்." இதை முதலாளிக்கு மொழிபெயர்த்தபோது அதில் பயப்பட என்ன இருக்கிறதென்று அவருக்கு விளங்கவில்லை. நான் விளங்கப்படுத்தினேன். அங்கே அன்னதான வரிசையில் ஒரு கதை சொன்னால், சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் அது மல்வேர்னுக்கும் விட்பிக்கும் போய்ச் சேர்ந்துவிடும், பிறகு உங்கள் கடைக்குத் தமிழ்ச் சனம் வராது என்றேன். உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. நான் மத்தளமாக நின்றேன்.

அந்தத் திருவிழாவுக்கு முதல் நாள் சனிக்கிழமை, யோகம் அக்கா கடைக்கு ரெலிபோன் எடுத்தார். அழுகிற சத்தம்தான் முதலில் கேட்டது.

"தங்கச்சி, திங்கட்கிழமை சோதினை. ஒரு கொம்பனியின்ரை கணக்கை முழுக்கச் செய்து, ரீச்சருக்கு முன்னாலை ஓட்டிக் காட்டவேணும். இப்பவும் நிண்டுபோச்சு. காலமை துவக்கம் செய்தது ஒண்டுமில்லை."

"அழாதையுங்கோ அக்கா. கடைக்குக் கொண்டு வாங்கோ."

"என்னத்துக்கு. அங்கை வந்தால் நிக்காது. நான் சோதினைக்குப் போகேல்லை. பக்ரறியிலையே இருந்திட்டுப் போறன். எனக்கு எழுதினது அவ்வளவுதான்."

அந்த வீங்கின விரல்கள்தான் கண்ணுக்குள் வந்தன. ஆனால் அழுகைக்கு நடுவில் அக்கா சொன்ன ஒன்று எனக்குள் உறைத்தது. அங்கே வந்தால் நிற்காது. அப்படியென்றால் வருத்தம் லப்டொப்பில் இல்லை, அது இருக்கிற இடத்தில் இருக்கிறது. நாங்கள் இரண்டு தரமும் பிழையான இடத்தில் வைத்துச் சோதித்திருக்கிறோம்.

"நான் வாறன் அக்கா," என்றேன்.

கடையில் காட்சிக்கு வைத்திருந்த எழுபத்தைந்து ஒன்றையும் காரில் போட்டுக்கொண்டேன். முதலாளியிடம் சொல்லாமல் எடுத்தேன் என்று நினைக்காதீர்கள். சொன்னேன். எதற்கென்று கேட்டார். ஒப்பிட்டுப் பார்க்கத்தான் என்றேன். அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

மல்வேர்னில் அவர்களுடைய வீட்டுக்குள் சப்பாத்தைக் கழற்றிவிட்டு நுழைந்ததும் நான் ஒன்றைக் கவனித்திருக்க வேண்டும். செற்றிக்குப் பிளாஸ்ரிக் உறை. ரிமோட்டுக்குப் பிளாஸ்ரிக் உறை. ரீவிக்குப் பூ வேலை செய்த துணி. ரெலிபோனுக்குச் சுருக்கு வைத்த ஒரு குட்டிப் பாவாடை. ஆனால் எங்கள் வீடும் அப்படித்தானே இருந்தது. எங்கள் வீட்டு ரிமோட்டின் பொத்தான்களை நான் ஒருநாளும் நேரே தொட்டதில்லை. பழகின கண்ணுக்கு ஒன்றும் தெரியாது.

செற்றியில் குகன் இருந்தார். விட்பித் தம்பி. அக்கா அழுகிறாவென்று கேள்விப்பட்டு வந்திருந்தார்.

"வாங்கோ வதனி. நீங்கள்தானே வித்தது? என்ரை நூற்றியிருபது ஒருநாளும் நிண்டதில்லை, பாருங்கோ. நான் விசாரிச்சு வாங்கினனான். அத்தான் எண்ணைப் பாத்து வாங்கினவர்."

அக்கா அறைக்குள் போய் லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு வந்து மேசையில் வைத்தார். நான் பார்த்தேன். பார்த்தபடியே நின்றேன்.

அது சட்டை போட்டிருந்தது.

மறூன் நிற வெல்வெற். உள்ளே கார்ச் சீற்றுக்கு வைக்கிற மெத்துப் பஞ்சு. ஓரமெல்லாம் தங்க நிற லேஸ். மேலே ஒரு சின்னத் தாமரைப்பூ, கையால் தைத்தது. பின்பக்கம் இழுத்துப் பூட்டுகிற சிப். திரையும் விசைகளும் மட்டும் வெளியே தெரிந்தன. மிச்சமெல்லாம், பக்கத்திலும் அடியிலும் காற்றுப் போய்வர விட்டிருந்த துவாரங்கள் உட்பட, அழகாக, இறுக்கமாக, ஒரு நூல் பிசகாமல் மூடியிருந்தன. ஒரு மணமகளுக்குக்கூட அப்படி அளவெடுத்துத் தைத்து நான் பார்த்ததில்லை. அடியில் கை வைத்தேன். இடியப்பத் தட்டை இறக்கி வைத்த சூடு.

"கடைக்குக் கொண்டு வரேக்கை இது இல்லையே அண்ணை?"

"அங்கை கண்டவன் நிண்டவன் எல்லாம் தொடுவான், ஊத்தை பிடிச்சிடும். கழட்டி வைச்சிட்டுத்தான் கொண்டு வாறனான்." பிறகு மெல்லச் சொன்னார். "எனக்கு உந்தக் கணக்கும் விளங்காது, இங்கிலீசும் விளங்காது தங்கச்சி. இவ இருந்து படிக்கேக்கை நான் சும்மா பாத்துக்கொண்டு இருக்கிறதே? எனக்கு ஏலுமானது இதுதான். குகன்ரை புதுவீட்டுக் குடிபூரலுக்கும் ஒண்டு தைச்சுக் குடுத்தனான். அவன்ரை நீலம்."

"வடிவான நீலம்," என்றார் குகன்.

பிள்ளைகளே, கடையில் எந்தப் பயிற்சியிலும் இது வராது. சட்டைதான் காரணம் என்று சொன்னால் உண்மை. ஆனால் அதைக் குகனுக்கு முன்னால் சொன்னால், அடுத்த பிறந்தநாள் விழாவிலிருந்து அத்தானின் பேரப்பிள்ளைகள் காலம் வரை அந்தக் கதை ஓடும். மனைவியின் படிப்பைக் கெடுத்தது தன் கைத் தையல்தான் என்று அந்த மனிதர் எல்லோர் முன்னாலும் கேட்க வேண்டும். லப்டொப்தான் பழுது என்று சொல்லிவிடலாம், குகனும் குளிர்ந்துபோவார். ஆனால் அது பொய். பொய்யை நம்பி இன்னொரு நூற்று முப்பத்துமூன்றைக் கொடுத்தால் அதுவும் அதே சட்டைக்குள் போய் அரை மணித்தியாலத்தில் நிற்கும், திங்கட்கிழமை போய்விடும். மூன்று பேரும் என்னையே பார்த்தார்கள்.

அப்போதுதான் நான் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று ஞாபகம் வந்தது.

"அக்கா, திங்கட்கிழமை எந்த மாதிரி அறை? பிளக் எங்கை இருக்கு?"

அக்கா மூக்கைத் துடைத்தார். "சுவர்க்கரையிலைதான். எங்களை நடுவிலை இருத்துறது."

"எவ்வளவு நேரம்?"

"ரெண்டு மணித்தியாலம் மட்டிலை."

"அப்ப உது எப்பிடியும் சரிவராது. நூற்றி முப்பத்திமூண்டு பற்றறியிலை ஒரு மணித்தியாலம் தாண்டாது. பழுதில்லாட்டிலும் நடுவிலை நிண்டிருக்கும். எழுபத்தைஞ்சு ரெண்டரை மணித்தியாலம் ஓடும். கார்லை கொண்டு வந்திருக்கிறன். உங்கடை கணக்குக்கு அதே கெதிதான், ஒரு வித்தியாசமும் தெரியாது."

இதுவும் உண்மைதான். முழு உண்மை இல்லை, ஆனால் அந்த அறைக்குள் அவ்வளவுதான் கொள்ளும்.

குகன் சிரித்தார். "எல்லாரும் முன்னுக்குப் போகினம், நீங்கள் பின்னுக்குப் போறியளோ அக்கா?"

"எனக்கு என்ன ஓட்டப்போட்டியே தம்பி? நிக்காமல் ஓடினால் காணும்," என்றார் யோகம் அக்கா. அப்படிச் சொல்லிவிட்டு முகத்தைக் கழுவப் போனார். அழுகை நின்றுவிட்டது.

அண்ணை என்னோடு காருக்கு வந்தார். முகம் தொங்கிப்போயிருந்தது. நான் எழுபத்தைந்தை எடுத்து, மர நிழலில் காரின் முன் மூடிமேல் வைத்துப் போட்டுக் காட்டினேன். சட்டைப் பேச்சை நான் எடுக்கவில்லை. அவர் அதைத் தடவினார். தையல்காரரின் கை, ஓரங்களைத்தான் தேடும். பக்கத்திலிருந்த துவாரத்தில் விரல் நின்றது.

"இதுக்குள்ளாலை காத்து வருது."

"ஓம் அண்ணை."

"சூடாய் வருது."

"உள்ளுக்கை இருக்கிற சூடு அதாலைதான் வெளியிலை போறது."

துவாரத்தின் ஓரத்தை விரலால் அளந்தார். "சீற்றுக்கு உறை தைக்கேக்கை, கீழை ஹீற்றர் காத்து வாற இடத்தை விட்டிட்டுத்தான் நாங்கள் தைக்கிறது. எனக்குத் தெரியாத விசயமே." பிறகு தலையில் கை வைத்தார். "நான்தான் மூச்சை அடைச்சுப்போட்டன், என்ன?"

"தையல் பிழையில்லை அண்ணை. வீட்டைக் கட்டிப்போட்டுச் சன்னல் வைக்க மறந்துபோனியள், அவ்வளவுதான்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. இரண்டு பேரும் காரைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம்.

"உவன் குகனுக்குச் சொல்லிப்போடாதையும்."

"சத்தியமாய்ச் சொல்லமாட்டன்."

"உதின்ரை அளவும் அதே அளவுதானே?"

"அதே உடம்புதான் அண்ணை. உள்ளுக்கைதான் வேறை."

"அப்ப பின்னேரத்துக்குள்ளை சன்னல் வைக்கிறன். ஸ்பீக்கருக்குப் போடுற வலைத்துணி மிச்சம் கிடக்கு."

உள்ளே போய் அக்காவின் கணக்கையெல்லாம் புதியதற்கு மாற்றிக் கொடுத்தேன். தேத்தண்ணி குடித்தேன். இரண்டு மணித்தியாலம் இருந்து பார்த்தேன், நிற்கவில்லை. நான் வெளிக்கிட்டபோது, வழியனுப்புகிறேன் என்று குகன் எழுந்து வந்தார். கார்க் கதவடியில் வந்து, பின்னால் திரும்பிப் பார்த்து, குரலைத் தாழ்த்தினார்.

"வதனி, ஒரு விசயம். என்ரையும் நிக்கிறது."

"என்ன?"

"நூற்றியிருபது. அத்தான் அந்த நீலத்தைத் தந்த காலம் துவக்கம் பொசுக்குப் பொசுக்கெண்டு நிக்குது. அதாலைதான் ஷோகேசுக்குள்ளை வைச்சிட்டன். வாற சனம் பாத்திட்டுப் போகட்டும் எண்டு. அத்தானுக்கும் அக்காவுக்கும் சொல்லிப்போடாதையுங்கோ."

விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டக்கூடாது இந்த மனிதருக்கு. நான் பல்லைக் கடித்துச் சிரிப்பை அடக்கி, சொல்லமாட்டேன் என்று தலையாட்டினேன். ஒரே வாசலில், ஒரே மத்தியானத்தில், இரண்டு பேருக்கு ஒரே ரகசியத்தைக் காப்பாற்ற வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

"உங்கடை நீலச் சட்டையை அத்தானிட்டை ஒருக்காக் குடுங்கோ. வதனி குடுக்கச் சொன்னவ எண்டு மட்டும் சொல்லுங்கோ," என்றேன்.

"ஏன்?"

"குடுங்கோ. பிறகு நிக்காது."

நூற்று முப்பத்துமூன்றின் திறந்த பெட்டியோடு கடைக்குப் போனபோது முதலாளிக்கு வரவேண்டிய காய்ச்சல் வந்தது. முழுக் கதையையும் சொன்னேன். அவர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். இந்த லப்டொப்பை நானே வைத்துக்கொள்கிறேன் என்றார். சிரித்து முடிந்ததும் மெல்லத் தன்னுடைய அறைக்குள் போனார். எட்டிப் பார்த்தேன். தன்னுடைய பழைய லப்டொப்பின் அடியில், மேசை கீறுப்படாமல் இருக்க விரித்து வைத்திருந்த பூத்துவாயை இழுத்து எடுத்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வீடு வாசற்படி.

அதற்குப் பிறகு நான் எண்ணைப் பற்றி யாரோடும் வாதாடியதில்லை. வருகிறவர் தன் எண்ணைச் சொல்லட்டும். அவர் சொல்லி முடித்ததும், இது உங்கள் வீட்டில் எங்கே இருக்கும், எதன்மேல் இருக்கும், யார் தூக்கிக்கொண்டு எங்கே போவார்கள் என்று கேட்பேன். கட்டிலில் மெத்தைமேல் என்பார்கள். அடுப்புக்குப் பக்கத்தில் என்பார்கள். சாமிப் படத்தட்டில் என்று சொன்னவரும் உண்டு. பாதி நேரம் அவர்களே யோசித்து, பெரிய எண்ணிலிருந்து இறங்கி வந்துவிடுவார்கள். வராதவருக்குப் பெரிய எண்ணையே கொடுத்து, துவாரங்களை விரலால் தொட்டுக் காட்டி அனுப்புவேன். நீங்களும் கேளுங்கள். வெட்கப்படாமல் கேளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அண்ணை நாலு சனத்துக்குச் சொன்னார்தான். என்ன சொன்னாரென்று எனக்குத் தெரியாது. அடுத்த நாள் கடைக்கு வந்த இரண்டு தமிழ்க் குடும்பமும் வாசலிலேயே எழுபத்தைந்து இருக்கோ என்று கேட்டன. முதலாளி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

அன்று திங்கட்கிழமை. எனக்கு வியாபாரத்தில் மனமில்லை. ரெலிபோனையே பார்த்துக்கொண்டு நின்றேன். பின்னேரம் அது அடித்தது.

"தங்கச்சி." யோகம் அக்கா. மூச்சு வாங்கியது. "ஓடினது. கடைசி மட்டும் நிக்கேல்லை. ரெண்டு பேற்றை பற்றறி நடுவிலை செத்துப்போச்சு, என்ரை ஓடினது. ரீச்சர் அந்த இடத்திலையே பாஸ் எண்டு சொல்லிப்போட்டா. அடுத்த மாதம் அந்தக் கந்தோரிலை துவங்கிறன்."

நல்லது அக்கா, நல்லது அக்கா என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

"பக்கத்திலை இருந்த வெள்ளைக்காரப் பிள்ளை, உந்த உறை எந்தக் கடையிலை வாங்கினதெண்டு கேட்டது," என்றார் அக்கா. "வாங்கேல்லை, என்ரை மனிசன் தைச்சது எண்டன். வகுப்பு முழுக்க வந்து தடவிப் பாத்தது."

பின்னால் அண்ணையின் குரல் கேட்டது. "சட்டையோடைதான் ஓடினது எண்டு சொல்லுமப்பா. வதனிக்கு அதை வடிவாய்ச் சொல்லும்."